பில் புத்தகத்தின் பின்பக்கம்

ஆறு மணிக்கு ஒன்று.
பத்துக்கு வெள்ளை, இரண்டுக்கு மறுபடி வெள்ளை.
மஞ்சள் கூடு சாப்பாட்டுக்குப் பிறகு.
இரவுக்குரியது மட்டும் தனிக் கடதாசி உறையில்,
மருந்துக்கடைப் பையன் பேனையால் கீறிய
அரைச் சந்திரனோடு.

குவாரி வீதி இரும்புக்கடையில்
இருபத்தாறு வருடம் ஆணிக் கணக்கு எழுதியவன் நான்.
ஒரேயொரு நாள், ஆள் வரவில்லை என்று
ஒரு பெட்டி கொங்கிறீட் ஆணியைத் தூக்கினேன்.
அதன் செலவுதான் இது.
பில் புத்தகத்தின் பின்பக்கத்தில்
மூன்று கோடு இழுத்திருக்கிறேன்:
நேரம். குளிசை. நோ.

நோவுக்கு இலக்கம் வேண்டுமாம்.
ஆஸ்பத்திரியில், இருபத்தேழாம் கட்டிலில்,
மிஸ் குனிந்து "ரிதெனவாத?" என்றாள்.
பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.
எனக்கோ சொற்கள்தான் வந்தன:
உளையுது, கடுக்குது, சுண்டி இழுக்குது,
தையல் ஓரமாய் எறும்பு ஊருது,
உள்ளுக்குள் யாரோ சாரம் பிழியிற மாதிரி.
இவ்வளவுக்கும் என்னிடம் சிங்களம் இல்லை.
ஆணிக்கும் தகட்டுக்கும் இருக்கிறது,
கடனுக்கும் இருக்கிறது.
நாலு விரல் காட்டினேன்.
உண்மையில் ஏழு.
ஆனால் அவளுக்கு வேறு கட்டில்களும் இருந்தன.

வீட்டில், வெள்ளவத்தை மூன்றாம் மாடியில்,
ரயில் போகும்போது கட்டில் கொஞ்சம் நடுங்கும்.
முன்பு தெரிந்ததில்லை.
இப்போது எது காலி ரயில், எது அளுத்கம ரயில் என்று
வயிறு சொல்கிறது.

இருமல் வந்தால் தலையணையை
வயிற்றோடு அணைத்துப் பிடிக்கவும்,
தாளில் மூன்று மொழியிலும் இருக்கிறது.
தும்மலுக்கும் அதுவே.
சிரிப்புக்கு ஒன்றும் போடவில்லை.
நேற்றுத் தனலோசினி குளிசைப் பெட்டியைப் பார்த்து,
"கலியாணம் கட்டின நாளிலயிருந்து
ஒண்டையாவது நேரத்துக்குக் கவனிக்கிறியள்" என்றாள்.
தலையணை எட்டவில்லை.

ஒன்றை அவளுக்குச் சொல்லவில்லை.
அரைச் சந்திரக் குளிசையை
மூன்று இரவாய் நான் போடவில்லை.
உள்ளங்கையில் மூடிவைத்து
வெறும் தண்ணீரை விழுங்கிவிட்டு,
லைட் அணைந்த பிறகு நெஸ்டமோல்ட் டின்னுக்குள்.

பனடோல் ஒன்றைப் பிளேட்டால் நாலாய் வெட்டி
நாலு பேருக்குக் கொடுத்த வீட்டில் இருந்தவன்.
பிறகு இங்கேயும்,
காலி வீதியில் கடை கடையாய் ஏறி இறங்கி,
கார்டில் இரண்டு வெட்டித் தந்தாலே
கும்பிட்டு வாங்கிய வருடம் ஒன்று வந்ததே.
இதைவிடப் பொல்லாத ஓர் இரவு
எங்கோ லைனில் நிற்கிறது என்று
உடம்பு நம்புகிறது. அதற்கு வேணும்.

அது நேற்று இரவே வந்தது.
இரண்டரை மணி. குளியலறை வாசலில்,
நிலையைப் பிடித்தபடி,
உட்காரவும் ஏலாமல் நிமிரவும் ஏலாமல்
ஒரு கேள்விக்குறிபோல நின்றேன்.
கடல் இரைந்தது. பக்கத்து மாடியில்
யாரோ ஃபேன் கூட்டினார்கள்.

தனலோசினி லைட்டைப் போட்டாள்.
என் பார்வை போன இடத்தைப் பார்த்தாள்.
டின்னைத் திறந்தாள். எண்ணினாள்.
ஏச்சு வரும் என்று காத்திருந்தேன்.
"எந்த இரவுக்கு வைச்சிருக்கிறியள்?"
அவ்வளவுதான் கேட்டாள்.

மூன்றையும் நீட்டுவாள் என்று நினைத்தேன்.
ஒன்றுதான் தந்தாள்.
சேர்த்துப் போடக்கூடாது, தாளில் இருக்கிறதாம்.
பிறகு கட்டில் ஓரத்தில் இருந்து
சுவர் மணிக்கூட்டை இருவரும் பார்த்தோம்,
தெரியாத ஊரில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்போல.
முப்பத்தைந்தாம் நிமிடம்
எறும்புகள் ஒவ்வொன்றாய் இறங்கின.
அவள் உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள்.

காலையில் பில் புத்தகத்தில் அவள் கையெழுத்து:
இரவு 2.40, ஒன்று.
நோ என்ற இடத்தில் இலக்கம் இல்லை,
'சத்தம் போடவில்லை' என்று இருந்தது.

கிளினிக்கில் வேறொரு மிஸ்.
"ரிதெனவாத?"
"டிக்கக்" என்றேன், கொஞ்சம்.
தனலோசினி என் கையைப் பிடித்து
விரல்களை ஒவ்வொன்றாய் நிமிர்த்தினாள்,
ஆறு வரும் வரைக்கும்.
மிஸ் எழுதிக்கொண்டாள்.

மிச்சம் இரண்டையும் மருந்துக் கவுண்டரில்
திருப்பிக் கொடுத்தாள்.
துண்டு ஒன்றும் தரமாட்டார்களா என்று கேட்டேன்.
திரும்பி என்னைப் பார்த்தவள் சிரிக்கத் தொடங்கினாள்,
எனக்கும் வந்தது.
தலையணை வீட்டில்.